புகார்க் கட்டத்தில் நான் விட்ட வாக்கியம்

1978ஆம் ஆண்டு மே மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்திற்கு நான் வேலையில் சேர்ந்தேன். பூனா கேம்ப்பில், மாதா கோவிலுக்குப் பின்சந்தில் இருந்த ஒரு கார் பணிமனை அது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முதலாண்டுத் தேர்வை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தேன். விடுமுறைக்கு மட்டும் என்று போன வேலையில் ஏழு ஆண்டுகள் தங்கிவிட்டேன். சென்ற மாதம்தான் விலகினேன். இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நின்றுபோன படிப்பைத் தொடர மறுபடியும் மாணவியாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அந்த வேலைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. ஆகவே அந்தச் சொல் எனக்குப் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியவள், என் நாற்காலிக்கு வந்திருக்கும் சுனிதா. இப்போது ஊருக்குள் புதுவகைச் சிறிய கார்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றோடு, வண்டியின் குறைகளைப் பதியும் ஜாப் கார்டும் புதிதாக வந்திருக்கிறது. நாற்பது குறைகளை அச்சடித்து, எதிரே சிறு கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். பேனாவால் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. பழைய கார்டுகளைக் கட்டி அடுக்கும்போது சுனிதா ஒன்றைக் கவனித்திருக்கிறாள். என் கையெழுத்தில் இருந்த முதல் பத்து நாள் கார்டுகளில் புகார் மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அதன் பிறகு வந்தவற்றிலோ பின்பக்கம் நிறைந்து, சிலவற்றில் தனித்தாள் ஒட்டி, கதைபோல நீண்டிருந்தது. "மேடம், நடுவில் என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். நேரில் கேட்ட அந்தக் கேள்விக்கு நேரில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும்.

எங்கள் பணிமனையின் சிறப்பு, புதிதாக வாங்கிய பழைய கார்கள். அந்நாளில் புதுக் காருக்குப் பெயர் பதிந்தால் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் அடுத்தவர் ஓட்டிக் களைத்ததை வாங்குவார்கள். வாங்கிய மறுநாளே எங்களிடம் வருவார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது பிரேக் அல்ல, ஹாரன். அதற்கு அடுத்தது சீட் கவர். மூன்றாவதாக, சற்றுத் தயக்கத்தோடு, "இடப்பக்கம் இழுக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்" என்பார்கள்.

ஆகவே எங்களிடம் ஒரு வரிசை இருந்தது. வண்டி உள்ளே வந்ததும் முதலில் அடிப்பாகத்தைக் கழுவுவது. பிறகு இரண்டு லிட்டர் மட்டும் விட்டு மீதிப் பெட்ரோலை உரிமையாளர் முன்னிலையிலேயே கேனில் இறக்கி, சீட்டு ஒட்டி, பூட்டி வைப்பது. பெட்ரோல் விலை ஏறியபின் "என் டாங்க்கில் இருந்ததைக் காணோம்" என்ற சண்டை எல்லாப் பணிமனைகளிலும் நடந்தது. எங்களிடம் மட்டும் நடக்கவில்லை. மூன்றாவதாகப் புகார் எழுதுவது. பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்து, அதன்பின்தான் ஹாரனும் சீட் கவரும்.

புகார் எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ சொல்வார்கள். நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கார்டில் அதற்கு இருந்த கட்டம் மூன்று வரி. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரியில் நீண்ட பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதும் போட்டியில் இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவள் நான். பேச நேர்ந்தால் எனக்கு வார்த்தை வராது. சுருக்கச் சொன்னால் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் இருந்தது.

என் மேலதிகாரி சாலமன் சார். பாளையங்கோட்டையிலிருந்து இங்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வீட்டில் பேசிய திருநெல்வேலித் தமிழும் கேம்ப் இந்தியும் அவர் பேச்சில் கலந்தே வரும். அவர் காரின் முன்னால் நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். கார்டைப் படித்து முடிக்கும் வரை அந்தக் கைகள் பிரியா. மெக்கானிக்குகளும் அப்படியே நிற்க வேண்டும். கார்டை அவரே படிக்கமாட்டார். எழுதியவரை உரக்கப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: "அவரு சொன்னதா, நீ நெனச்சதா?" அவர் சொன்னது என்றால் தலையாட்டுவார். நான் நினைத்தது என்றால் சிவப்புப் பென்சிலால் அடியில் கோடு போடுவார். திட்டு என்பது கிடையாது. ஆனால் அந்தக் கோட்டைப் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் சற்று அதிகம்.

முதல் வாரத்தில் எனக்கு விழுந்த கோடு ஒன்றுதான். ஔந்த்திலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா, "மழை பெய்யாதபோதும் வண்டிக்குள் மழை வாசனை வருகிறது" என்றார். நான் "உட்புறத் துர்நாற்றம்" என்று எழுதினேன். "துர்நாற்றம்னு அந்தம்மா சொன்னாங்களா?" என்று சார் கேட்டார். இல்லை என்றேன். கோடு விழுந்தது. விற்றவர் புதிதாக விரித்துக் கொடுத்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடித்தகடு துருவேறி, நனைந்த சாக்கு ஒன்று உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தும் நான் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு சொல் பிசகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மே பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, வேலுச்சாமி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னாள் ராணுவ வீரர், ராமநாதபுரத்துக்காரர். எல்லையில் கண்ணிவெடி ஒன்றில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள வந்தவர் ஏரவாடாவிலேயே குடியேறிவிட்டார். பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. காலை எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போவார். நிற்காத பஸ்ஸில் மற்றவர்கள் ஓடி ஏறுவதுபோல அவரால் ஏற முடியாது. தாமதத்துக்காக இரண்டு முறை எழுத்தில் எச்சரித்துவிட்டார்கள். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். அதற்காகத்தான் பதினோரு ஆண்டு ஓடிய அந்தக் காரை வாங்கியிருந்தார்.

வாங்கியதும் அதில் இரண்டு காரியங்கள் செய்திருந்தார். ஒன்று, கால் செய்ய வேண்டியதைக் கைக்கு மாற்றியது. ஸ்டியரிங்கின் இடப்பக்கம் நீண்ட இரும்புப் பிடி ஒன்று. அதை உள்ளங்கையால் அழுத்தினால் ஒரு கம்பி கிளட்ச்சை இழுக்கும். அழுத்தியபடியே விரல்களால் ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியரை மாற்ற வேண்டும். இரண்டாவது, நானா பேட் கடைத்தெருவில் வாங்கிய, பூட்டும் சாவியும் உள்ள பெட்ரோல் மூடி. ஏரவாடாவில் தெருவோரம் நிறுத்துகிற வண்டியில் இரவோடு இரவாகப் பெட்ரோலை உறிஞ்சி விடுவார்களாம்.

அவர் சிக்கல் இது. மைத்துனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிம்பிரி வரை நான்கு நாள் ஓட்டிப் பழகியிருக்கிறார். நான்கு நாளும் வழியில் தாபோடிப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. வண்டியில் மாற்றம் செய்திருப்பதால், அது சாலைக்கு ஏற்றது என்று பணிமனையின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் சாலமன் சார் கையெழுத்திட வேண்டும்.

"என்ன ஆகுதுன்னு சொல்லுங்க," என்றேன் பேனாவைத் திறந்தபடி.

"நல்லாத்தான் தங்கச்சி போகும். பாலத்துக்கிட்ட வந்ததும் இழுத்து இழுத்து, இருமுற மாதிரி இருமி, அப்படியே படுத்துக்கும். ஸ்டார்ட்டு பண்ணா ஆகாது. எவனாச்சும் பெட்ரோல உருவிட்டானான்னு போய் மூடியத் தொறந்து பாப்பேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். ஒண்ணும் ஆகியிருக்காது, ரொம்பியே இருக்கும். நான் எப்பவும் ஃபுல்லாத்தான் வச்சிருப்பேன், அது பட்டாளத்துப் பழக்கம். மூடிட்டு வந்து ஒக்காந்து, நம்ம முருகன நெனச்சுக்கிட்டு சாவியத் திருப்புனா, கிளம்பிரும்."

நான் எழுதியது இது: பத்து கிலோமீட்டர் அளவில் ஓடியபின் இயந்திரம் நின்றுவிடுகிறது. சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் இயங்குகிறது.

எழுதியதும் எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. முருகனையும் பட்டாளத்தையும் பெட்ரோல் திருடனையும் நீக்கி, ஒன்றரை வரியில் அடக்கிவிட்டேன். சாலமன் சார் அன்று ஒரு விபத்து வண்டியைப் பார்க்க லோனாவ்லா போயிருந்தார். கார்டை உரக்கப் படிக்கும் சடங்கு நடக்கவில்லை. ஜாதவ் மிஸ்திரிக்கு அதை இந்தியில் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஜாதவ் மிஸ்திரி எங்கள் தலைமை மெக்கானிக். கை தேர்ந்தவர், வாய் அதைவிடத் தேர்ந்தது. ஓடினால் நிற்கிறது, ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது என்றால் மே மாதத்தில் அவர் நினைக்கக்கூடியது ஒன்றுதான்: சூடு. பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். ஈரத்துணி சுற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை, புதன்கிழமை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் டாங்க்கில் இரண்டு லிட்டர் மட்டும் விட்டுக்கொண்டு தாபோடி வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு முறைகூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை வேலுச்சாமி கடிதத்துக்காக வந்தபோது ஜாதவ் முடிவுக்கு வந்திருந்தார். அவர் பேசியது இந்தியில். நான் தமிழில் தருகிறேன்.

"சாப், வண்டியில ஒண்ணும் இல்ல. நான் அஞ்சு வாட்டி ஓட்டினேன், குதிரை மாதிரி போச்சு. பாலத்துக்கு முன்னால கியர் மாத்தணும். இவரு அந்தப் பிடிய அரைகுறையா விடுறாரு, வண்டி அணைஞ்சுபோகுது. கையால செய்யற கிளட்ச்செல்லாம் சர்க்கஸ்ல நல்லாருக்கும்."

வேலுச்சாமிக்கு இந்தி நன்றாகவே தெரியும். அவரும் இந்தியிலேயே திருப்பிக் கொடுத்தார். "அரே மிஸ்திரி, எனக்கு ஒரு காலுதான் கொறச்சல். உங்களுக்குக் காது ரெண்டும் கொறச்சல். வண்டி அணையல, இருமிச் சாகுதுன்னு சொன்னேன்."

"இருமிச்சுன்னு எங்க எழுதியிருக்கு? கார்டுல இல்லையே!" என்றார் ஜாதவ்.

சாலமன் சார் கைகளைப் பின்னால் கோத்தபடி நின்றிருந்தார். வேலுச்சாமியிடம் தமிழில் திரும்பினார். "தம்பி, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா ரோட்டுல பத்துப் பேரு போறான், வாரான். அந்தப் பிடி உங்களுக்கு வசப்படலைன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது. ரெண்டு மாசம் ஓட்டிப் பழகிட்டு வாங்க."

"ரெண்டு மாசம் அவன் வேலை வச்சிருக்கணுமே சார்," என்றார் வேலுச்சாமி. அதற்கு மேல் கெஞ்சவில்லை. காரின் கதவைப் பிடித்தபடி, யாரிடமும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மறுபடி சொன்னார்: "நாலு நாளும் அதேதான். போய் மூடியத் தொறப்பேன், புஸ்ஸுங்கும், மூடிட்டு வந்தா கிளம்பிரும். இதுல என் கை எங்கருந்து வந்துச்சு?"

அந்த வாக்கியத்தை நான் திங்கட்கிழமையே கேட்டிருந்தேன். கேட்டு, தேவையில்லை என்று விட்டிருந்தேன். விட்டது மட்டுமல்ல, அந்த இடத்தில் ஓய்வு என்று ஒரு சொல்லை வைத்திருந்தேன். அவர் ஓய்வு என்று சொல்லவே இல்லை. மூடியைத் திறந்தேன் என்றுதான் சொன்னார். மூன்று நாளாக ஜாதவ் தேடிக்கொண்டிருந்த சூடு, என் பேனாவிலிருந்து வந்த சூடு.

பணிமனையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. "சார், கார்டை நான் படிக்கணும்," என்றேன்.

"படி."

படித்தேன். முதல் வாக்கியத்துக்கு, "அவரு சொன்னதா, நீ நெனச்சதா?" என்றார். "பாதி அவர் சொன்னது சார். இருமினதை விட்டுட்டேன்," என்றேன். இரண்டாவது வாக்கியம். அதே கேள்வி. "நான் நெனச்சது. அவர் ஓய்வுன்னு சொல்லல. பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினேன்னு சொன்னார். திறக்கும்போது சத்தம் வந்ததாம். ரெண்டையும் திங்கட்கிழமையே சொன்னார். நான் எழுதல."

ஜாதவ் மிஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே தேவா! மூணு நாளா இந்தப் பொண்ணு எழுதின கதைக்கு நான் மருந்து கொடுத்துக்கிட்டிருக்கேனா?"

சாலமன் சார் பென்சிலை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் பிரிந்தன. நேராகக் காரின் பின்பக்கம் போய், பெட்ரோல் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேனைக் கொண்டுவரச் சொல்லி, இறக்கிய பெட்ரோல் முழுவதையும் டாங்க்கில் ஊற்றி மூடியைப் பூட்டினார். "தம்பி, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல. ஜாதவ், பீச்சே பைட்டோ, பின்னாடி. நீயும் ஏறும்மா. கார்ட எடுத்துக்கோ."

கேம்ப்பிலிருந்து கட்கி வழியாகப் போனோம். நான் பின் இருக்கையிலிருந்து வேலுச்சாமியின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளங்கை அழுத்தியது, விரல்கள் கியரை நகர்த்தின, உள்ளங்கை மெல்ல விடுவித்தது. எங்கும் ஒரு குலுங்கல் இல்லை. கட்கி பஜாரில் குறுக்கே வந்த டாங்கா குதிரைவண்டிக்கு நிறுத்தி, மறுபடி கிளப்பிய விதத்தைப் பார்த்து ஜாதவ் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாபோடிப் பாலம் கண்ணில் பட்டதும் வண்டி இருமியது. மூன்று முறை இழுத்தது. ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

"ஒருத்தரும் எறங்கக் கூடாது," என்றார் சாலமன் சார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கார்டுல எழுதின ஓய்வ முதல்ல கொடுப்போம்."

அந்த வெயிலில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். வேலுச்சாமி சாவியைத் திருப்பினார். கிளம்பவில்லை. இன்னும் பத்து நிமிடம். கிளம்பவில்லை. "இப்போ போய் தெறங்க," என்றார் சார். வேலுச்சாமி இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தார். காற்று உள்ளே பாயும் சத்தம் எனக்குப் பின் இருக்கை வரை தெளிவாகக் கேட்டது. வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மூன்றாம் முயற்சியில் கிளம்பியது.

அதற்குமேல் விளக்கம் எளிது. காரோடு வந்த பழைய மூடியில் காற்றுக்கு ஒரு நுண்ணிய துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போய் அதன் இடத்தை நிரப்பும். நானா பேட்டில் வாங்கிய மூடியில் துளையே இல்லை. டாங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்று மிகக் குறைவு. ஒரு லிட்டர் செலவாவதற்குள் பெட்ரோல் வெளியே வர மறுத்துவிடும். டாங்க் காலியாக இருந்தால் காற்று நிறைய இருக்கும். தாபோடி வரை என்ன, அதைத் தாண்டியும் ஓடும். எங்கள் இரண்டு லிட்டர் வழக்கம் அந்தக் குறையை எங்களிடமிருந்தே மறைத்துவிட்டது. அந்த வழக்கத்தால் மறைக்க முடியாத ஒரே சாட்சியை நான் மறைத்தேன்.

திரும்பி வந்ததும் ஜாதவ் மூடியை வைஸ் இடுக்கியில் பிடித்து, கை டிரில்லால் ஊசி முனையளவு துளை ஒன்று போட்டார். போட்டு முடித்ததும் வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். அதை வேலுச்சாமியிடம் நீட்டியபடி, "சர்க்கஸ்னு சொன்னது தப்புத்தான் பாயி," என்றார். "இருக்கட்டும் மிஸ்திரி, சர்க்கஸ்ல சேந்தா உங்கள சிங்கத்துக்கிட்ட விடச் சொல்றேன்," என்றார் வேலுச்சாமி. மறுபடி நிரம்பிய டாங்கோடு பிம்பிரி வரை போய் வந்தார்கள். நிற்கவில்லை. சாலமன் சார் கடிதத்தில் கையெழுத்திட்டார். என் கார்டை எடுத்துச் சிவப்புக் கோடு போட்டார். எப்போதும் போல நிதானமாகவே போட்டார். "இனிமே எடம் பத்தலைன்னா பின்னாடி எழுது," என்றார்.

"கார்டில் மூன்று வரிதான் சார்," என்றேன்.

"தாளுக்கா பஞ்சம்? ஒட்டிக்கோ."

சுனிதாவின் கேள்விக்கு விடை அவ்வளவுதான். அன்று முதல் என் கார்டுகள் நீண்டன. அச்சிட்ட நாற்பது குறைகளில் எதிலும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்ற வரி இல்லை. ஆகவே டிக் போட்டபின் கீழே கொஞ்சம் எழுதவும் செய் என்று அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வேலுச்சாமி பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினார். உரிமம் கிடைத்துவிட்டது, நாளை தனியாக வேலைக்கு ஓட்டிப் போகிறேன் என்றார். சாலமன் சார் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார். தொலைபேசியை நான் எடுத்திருந்தாலும் அதற்கு மேல் சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, பஸ் பிடித்து, பிம்பிரியில் அந்தத் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குக் கார் வந்தது. வேலுச்சாமி அதைச் சுவரோரம் நிறுத்தி, இறங்கி, கதவைப் பூட்டி, பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிள்களுக்கு நடுவே உள்ளே போனார். என்னைப் பார்க்கவில்லை. எட்டு மணிச் சங்கு ஊதும் வரை நின்றிருந்து, எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினேன். பணிமனைக்குப் பதினேழு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடம் ஒரு சொல்லுக்குத்தான் போதும். பக்க ஓரம் வரை இறங்கி எழுதினேன்: பிம்பிரிக்குப் போய், வேலுச்சாமி நேரத்துக்கு வேலைக்கு வந்தாரா என்று பார்த்துவிட்டு வந்தேன், வந்தார்.